ரூபியின் விரல் நுனி

கொல்லம் ஆண்டு 1109, மாசி 10.

கண் தெரியாத என் மகள் ரூபி மிஷன் பள்ளிக்கூடத்தில் புள்ளி எழுத்தைத் தடவித் தடவிப் படிக்கிறாள்.

இன்று கருப்பட்டிக்குப் பனையிலிருந்து இறக்கிய அக்கானியைக் காய்ச்சும்போது, "ஏட்டி, உன் விரலுக்குத் தெரியாததுண்டா? பாகு பதமாச்சான்னு தொட்டுச் சொல்லு" என்று சும்மா சீண்டினேன். அவள் நிசமாகவே அகப்பையில் இருந்த கொதிக்கிற பாகில் கையை வைத்துவிட்டாள். விரல் நுனியெல்லாம் கொப்புளம்.

சாயங்காலம் புத்தகத்தைத் தடவிவிட்டு, "அம்மா, தாளு மொழுக்குன்னு இருக்கு. ஒரு புள்ளிகூடத் தட்டுப்படல்லியே" என்றாள்.

"புள்ளியெல்லாம் உறங்கப் போயாச்சு மக்கா" என்றேன். எப்போதும் பதிலுக்கு வாயடிப்பவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள்.

தோல் உரிந்து புதுத் தோல் வரும் என்று வைத்தியர் சொன்னார். அந்தப் புதுத் தோலுக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.