மூன்றாம் நாள் காலை உன் தெருவில்

அன்பு மகனுக்கு,

நான் நலம். முட்டிவலியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ரொம்பவே நலம். நீயும் மருமகளும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் இதை ஆரம்பிக்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தைத் தேடுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ சாப்டீங்களாப்பா என்று கேட்பாய், நான் ஆச்சுப்பா என்பேன், அதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும். சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன். உன் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்ததும் என் முகத்தைப் பார்த்து, என்னடா இவ்ளோ கிழவனாயிட்டே என்றாள். இத்தனை நாள் அவளுக்குக் கண் தெரியாமல் இருந்ததே எனக்கு நல்லதாக இருந்திருக்கிறது. எதிர்வீட்டுத் தையல்காரர் உன்னை விசாரித்தார். உன் அம்மா போனதிலிருந்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் பார்ப்பதில்லை, ஏதாவது ஒரு பேச்சுக்குரல் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். தனியா இருந்து பழகிடுச்சு என்று நான் உன்னிடம் சொல்வதெல்லாம் சும்மா. பழகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாநில அரசும் நீ இருக்கும் மாகாணத்தின் அரசும் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. ‘நீடித்த நகர வளர்ச்சிக்கான பரிமாற்றத் திட்டம்’ என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். அவர்கள் இங்கே வந்து நம் தெருக்களைப் பார்ப்பார்கள், நாங்கள் அங்கே போய் அவர்கள் தெருக்களைப் பார்ப்போம், இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வோம் என்பது ஏற்பாடு. நான் மழைநீர் வடிகால் பிரிவில் தலை நரைத்தவன் என்பதால் அங்கே போகிறவர்கள் பட்டியலில் என் பெயரும் வந்துவிட்டது. ஆமாம், நீ இருக்கும் ஊருக்குத்தான். கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்தேனே, ஞாபகம் இருக்கிறதா? பட்டியல் விஷயத்தைச் சொல்லாமல், சும்மா, நான் ஒரு பத்து நாள் அங்க வந்தா எப்படிப்பா இருக்கும் என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, எங்க வீடு தீப்பெட்டிப்பா, ரெண்டு பேர் திரும்பினா மூணாவது ஆளு சுவத்துல ஏறணும், நீங்க வந்தா எங்க படுப்பீங்க என்றாய். நானும் சிரித்தேன். வேடிக்கைக்குத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு வரவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் தலைமைப் பொறியாளர் எல்லோரையும் உட்கார வைத்து, அங்க சொந்தக்காரங்க இருக்கறவங்களுக்கு ஹோட்டல் ரூம் கெடையாது, அவங்க வீட்டிலேயே தங்கிக்கணும், அதுதான் ரூல், உங்களுக்கு அங்க யாராச்சும் இருக்காங்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது யாரும் இல்ல சார் என்று சொல்லிவிட்டேன். என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எந்த ஊர் என்று ஒருத்தரும் இதுவரை கேட்டதில்லை. அதனால் பொய் சுலபமாக நின்றது.

போன வாரம் அங்கிருந்து குழு வந்தது. நம் ஆட்களின் புத்தி உனக்குத் தெரியும்தானே, விருந்தாளி வருகிறார்கள் என்றால் வீட்டுக் குப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளும் புத்தி. நம் தெரு முனையில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீரை லாரி வைத்து உறிஞ்சி, பிளீச்சிங் பவுடர் தூவி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் ஆக்கிவிட்டோம். குழுவின் தலைவியம்மா வந்து பார்த்துவிட்டு முகம் வாடிப்போனார். மொழிபெயர்க்கும் பெண் தயங்கித் தயங்கி, தண்ணி எங்க நிக்குதுன்னு பாக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தோம், அதையே எடுத்துட்டீங்களேன்னு கேக்கறாங்க என்றாள். தலைமைப் பொறியாளர் விழித்த விழியை நீ பார்த்திருக்க வேண்டும். நல்லவேளையாக வானம் எங்கள் மானத்தைக் காப்பாற்றியது. அரைமணி நேரத்தில் மழை வெளுத்து வாங்க, முழங்கால் அளவு தண்ணீர் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. அந்தம்மா குழந்தை மாதிரி அதற்குள் இறங்கி நின்று எல்லாப் பக்கமும் படம் எடுத்தார். பிறகு ஒதுங்க இடமில்லாமல் எல்லோரும் நம் வீட்டுக்குள் வந்தார்கள்.

எத்தனை நாளுக்குப் பிறகு நம் வாசலில் அத்தனை செருப்பு, அத்தனை ஷூ. இருக்கிற துண்டை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன், டீ போட்டேன், டம்ளர் பற்றாமல் உன் பழைய பால் டம்ளரில்கூட ஊற்றினேன். அந்தம்மா சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டார். நீயும் மருமகளும் டிராம் நிறுத்தத்தில் நின்று அனுப்பினீர்களே, அந்தப் படம். இது எங்க ஊராச்சே, இவங்க யாருன்னு கேக்கறாங்க என்றாள் மொழிபெயர்ப்புப் பெண். பக்கத்திலேயே தலைமைப் பொறியாளர் தலை துவட்டிக்கொண்டு நின்றார். தெரிஞ்சவங்க என்றேன். பெற்ற பிள்ளையைத் தெரிந்தவர் என்று சொன்னேனப்பா. எல்லோரும் போன பிறகு தரையெல்லாம் சேற்றுக் கால்தடம். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் துடைக்க எனக்கு மனசு வரவில்லை.

போவதற்கு முன் அந்தம்மா தன் போனில் வரைபடத்தைப் பிரித்து, படத்தில் இருக்கும் அந்த நிறுத்தத்தைக் காட்டினார். அதை ஒட்டிய தெருவில்தான் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்படி நடைபாதை ஓரமாகப் பள்ளம் எடுத்துச் செடி வைத்திருக்கிறார்களாம், பயணத்தின் மூன்றாம் நாள் எங்களை அங்கேதான் நடத்திக் கூட்டிக்கொண்டு போவார்களாம். தெருப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்தக் கடித உறையின் மேல் எழுதப்போகிற அதே தெரு. அடுத்த மாதம் முதல் வாரத் திங்கட்கிழமை அங்கே வந்து இறங்குகிறோம். என்னைத் தங்க வை என்று நான் கேட்கவில்லை. ஹோட்டல் அறை கிடைத்துவிட்டது, சூடு தண்ணீரும் உண்டாம், உன் தீப்பெட்டிக்கு என்னால் தொந்தரவு வராது. மருமகளையும் அவசரப்பட்டு லீவு போட வைக்காதே, புது வேலை, கெட்ட பெயர் எடுக்கக் கூடாது. நீயும் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதே, படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறாய்.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்த வாரம் புதன்கிழமை காலை உன் ஜன்னலுக்குக் கீழே ஒரு கூட்டம் குனிந்து வடிகாலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதில் எல்லோரும் கீழே பார்க்கும்போது ஒருத்தன் மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருப்பான், அது நான்தான். நீ இறங்கி வந்து அப்பா என்று கூப்பிட்டால் என் பொய் வெளிப்பட்டுவிடும், தலைமைப் பொறியாளர் அங்கேயே என் ஹோட்டல் அறையைப் பிடுங்கிவிடுவார். பரவாயில்லை, கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா