பந்து நம் பக்கம்

7-6-64, ஞாயிறு
மாப்பிள்ளையின் தகப்பனார் இராமலிங்கம் வந்திருந்தார். கஸ்தூரியை அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். கல்யாணத்துக்குப் பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையை மட்டும் அவள் விட்டுவிட வேண்டும். ஷிப்ட் வேலைக்குப் போகும் மருமகள் ஒத்துவராது என்றார். எழுந்தவர், “தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்” என்றார். சிரித்து வைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் நான். இந்தத் தொடரைக் கேட்டதே இல்லை.

8-6-64
அகராதியில் இல்லை. முடிவை நம்மிடம் விட்டிருக்கிறார், அவ்வளவுதான் பொருள். பெரிய மனது. ஆனாலும் பெண் வீட்டார் முந்திக்கொண்டு பேசலாமா? அடுத்த வார்த்தையும் அவரிடமிருந்தே வரட்டும்.

இது மரியாதையா, பயமா?

11-6-64
ஒரு தகவலும் இல்லை. ருக்குமணி சொல்கிறாள்: “நீங்க யோசிச்சிகினே இருங்க. நம்ம பொண்ணு ரிட்டயரே ஆயிடும்.”

13-6-64, சனி
பக்கத்து குவார்ட்டர்ஸ் நாசர், டிராயிங் ஆபீஸ்காரர், மாலையில் கிளப்பில் டென்னிஸ் ஆடுகிறவர். யாருக்கோ கேட்பதுபோல் அவரிடம் கேட்டேன். கையோடு மைதானத்துக்கே அழைத்துப் போனார். பந்து நம் பக்கம் ஒருமுறை தரையில் பட்டு எழும்பலாம். மறுபடி படுமுன் திருப்பி அடித்துவிட வேண்டும். தன் பங்கை முடித்துவிட்டவன் எதிராளியிடம் சொல்வதாம் அந்த வாக்கியம். இனி நீ செய்தாக வேண்டும் என்று.

“அடிக்காம நின்னா மரியாதைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க சார். பாயிண்ட் அவங்களுக்குப் போயிடும்.”

போய்க்கொண்டுதான் இருக்கிறது. என் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, கஸ்தூரி இந்த மாதமே ராஜினாமா எழுதிக் கொடுப்பாள் என்று இராமலிங்கம் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். வீடு திரும்பியதும் ருக்குமணி சொன்னாள். கஸ்தூரி என்னைப் பார்த்து, “நான் வேலைய வுடணுமாப்பா?” என்றாள்.

அவளிடமும் வாய் திறக்கவில்லை நான். சே — என்ன மனுஷன் நான்? இவளுக்கும் முறை பார்க்கணுமா?

நாளை போகிறேன். போயே தீர வேண்டும்.

14-6-64, ஞாயிறு
போனேன். தெருமுனையில் ஒருமுறை திரும்பிவிட்டு, மறுபடி போனேன். கொடுத்த காப்பியைத் தொடாமல் சொன்னேன்: “கஸ்தூரி வேலைய விட மாட்டா. அது சம்மதம்னா எங்களுக்கும் சம்மதம். இல்லேன்னா நீங்க வேற எடம் பாருங்க.”

“வாத்தியார் வாயே திறக்க மாட்டார்னு நெனச்சேன்” என்றார் இராமலிங்கம். யோசித்துச் சொல்வதாகவும் சொன்னார்.

சொன்னது கொஞ்சம் கூடிவிட்டதோ? இல்லை. அளவுதான். கஸ்தூரியிடமும் சொல்லிவிட்டேன்.

15-6-64
நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

28-6-64, ஞாயிறு
இராமலிங்கம் இன்று மகனையும் அழைத்து வந்தார். பஞ்சாங்கத்தை விரித்து, ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் விரல் வைத்தார். மாப்பிள்ளை உள்பக்கம் பார்த்து, அந்த வாரம் எந்த ஷிப்ட் என்று கேட்டார். கஸ்தூரி விரல்விட்டுக் கணக்குப் பார்த்து, செகண்ட் ஷிப்ட், முடிய ராத்திரி பத்தாகிவிடும் என்றாள்.

“அது வேணாம்ப்பா. மணையிலயே தூங்கிடுவாங்க” என்றார் மாப்பிள்ளை.

இராமலிங்கம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பஞ்சாங்கத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.