சேவியர் மாட்டிய கார்டு

ஞாயிறு, இரவு.

மாக் மண்டின் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வலக்கையின் இரண்டு விரல்களைப் பறிகொடுத்த பிறகு, என் கணவர் சேவியர் இன்றுதான் முதன்முறையாக ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டார்.

அவர் கேம் விளையாடும் கணினி பழையது. புதிது வாங்க வழியில்லை, கையில் இருந்த பணம் நானூறு வெள்ளிதான். இரண்டு வாரம் தேடி, இருக்கிற பவர் சப்ளையே தாங்கக்கூடிய ஒரு செகண்ட் ஹேண்ட் கிராஃபிக்ஸ் கார்டைக் கண்டுபிடித்தார். வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லையாம். இவ்வளவு கெட்டிக்காரர் என்று எனக்கே தெரியாது.

மாட்டும்போது சின்ன ஸ்க்ரூ மூன்று முறை நழுவி உள்ளே விழுந்தது.

"நான் புடிக்கட்டாங்க?" என்றேன்.

"வேணாம்லா மேரி, டார்ச்ச மட்டும் காட்டு."

நான்காவது முறை இடக்கையால் முடுக்கிவிட்டார். ஆனால் திரை இருண்டே கிடந்தது. அவர் பதறவில்லை. கார்டைக் கழற்றி மறுபடி அழுத்தினார். 'டக்' என்று உட்கார்ந்தது. திரையில் வெளிச்சம் வந்தது.

விபத்துக்குப் பிறகு எந்த நண்பர்களிடம் பேசவே மாட்டேன் என்றிருந்தாரோ, கூட கேம் விளையாடும் அவர்களை ஹெட்செட்டில் அவரே கூப்பிட்டார்.

"டேய், நான்தான்லா. டீம்ல எனக்கு இடம் இருக்கா?"

அவர்கள் போட்ட கூச்சல், ஹெட்செட்டையும் மீறி எனக்குக் கேட்டது.