உன் குறிப்பேடுகளைக் கேட்டு வந்தார்கள்

என்னை ‘ஏட்டி’ என்று கூப்பிட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன என் சாந்தி அக்காவுக்கு,

நீ பதினோரு வருஷம் காத்திருந்த நிரந்தரப் பணியிடம் இந்த ஜூனில் வந்துவிட்டது. வேறொரு பெண் சேர்ந்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நீ இருந்தவரை இல்லாத இடம், நீ போன மூன்றாம் மாதம் எங்கிருந்து வந்தது?

ஒவ்வொரு ஜூனிலும் புது உத்தரவு, ஏப்ரலோடு முடிவு. அப்படித்தான் தென்காசிக் கல்லூரியில் நீ சமூகப்பணி சொல்லிக்கொடுத்தாய். வகுப்பு, பிள்ளைகளின் களப்பணி, அவர்கள் எழுதிவரும் அறிக்கைகள் எல்லாம் போக மிச்சமிருந்த சனிக்கிழமையிலும் குற்றாலத்துக்குப் பஸ் ஏறிவிடுவாய். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களின் பிழைப்புதான் உன் முனைவர் பட்ட ஆய்வு.

“தண்ணி கூடினாக் குளிக்கத் தடை, கொறஞ்சாக் கூட்டமே இல்ல. ரெண்டுலயும் அவங்களுக்கு வேலை கெடையாதுட்டி. இத யாரு எழுதுதா?” என்பாய்.

“ஒனக்கே வேலை நிச்சயமில்ல. நீ அவங்களுக்கு அழுதியாக்கும்?” என்று நான் கேட்டேன். ஒருமுறை அல்ல, பலமுறை.

கார்த்திகையில் வயிற்றுவலி வந்தது. “பரிச்சை முடியட்டும். இப்ப லீவு போட்டா ஜூன்ல கூப்பிட மாட்டாங்க” என்றாய். விடைத்தாள்களையும் திருத்தி முடித்துவிட்டு, தை மாதம்தான் ஸ்கேனுக்கு வந்தாய். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அதற்குப் பிறகு உனக்குக் கிடைத்தது சில வாரங்கள்தான். அவ்வளவு வலியை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்? நீ சொல்லியிருந்தால்தான் நான் காது கொடுத்திருப்பேனா?

கல்லூரியில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். உன் துறைத் தலைவர் பேசினார்; உன் ஆய்வு நெறியாளரும் அவர்தான். “சாந்தி எங்க குடும்பத்துல ஒருத்தி” என்றார். முன்வரிசையில் அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

பத்து நாள் கழித்து அவர் இலஞ்சிக்கு, நம் வீட்டுக்கே வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள்.

“சாந்தியோட களக் குறிப்பு நோட்டெல்லாம் இங்கனதான் இருக்கும். அது துறையோட சொத்தும்மா. புத்தகமாக் கொண்டுவந்துரலாம்.”

“யாரு பேர்ல சார்?” என்று நான் கேட்டேன்.

அவர் ஒரு வாய் காப்பி குடித்தார். “எழுதப்போறது நாந்தான. முன்னுரைல சாந்திக்கு நன்றி சொல்லிருவேன்.”

பெரிய மனுஷர் வீடு தேடி வந்திருக்கிறாரே என்று அம்மா நோட்டுகளை எடுக்கவே எழுந்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். “நான் படிச்சுட்டுச் சொல்லுதேன் சார்” என்றேன்.

ஏழு நோட்டையும் படித்தேன் அக்கா. நீ இருந்தபோது ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. முதல் நோட்டின் அட்டைக்கு உள்பக்கம் நீ எழுதியிருந்தாய்: ‘சொன்னவர்களிடம் வாசித்துக் காட்டாமல் ஒரு வரியும் வெளியே போகாது.’

அந்தச் சனிக்கிழமையே குற்றாலம் போனேன். உன் நோட்டுகளில் அதிகம் பேசியிருப்பவர் முருகையா அண்ணாச்சி. தண்ணீர் குறைந்த அருவிக்கரையில் ஆள் வருவதற்காக உட்கார்ந்திருந்தார். நீ போனது அவருக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன். எண்ணெய்க் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் சொன்னதை அவருக்கே வாசித்தேன். மனைவி இறந்த மறுநாளே வேலைக்கு வந்து, யாரோ ஒருவர் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே அழுத இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

“இத டீச்சரம்மாட்ட மட்டுந்தான் சொன்னேன். எம் மக்களுக்கே தெரியாது. இந்த ஒரு தாள எங்கிட்ட தந்துருங்கம்மா. மத்ததப் போடுங்க. ஆனா டீச்சரம்மா பேர்லதான் போடணும்.”

கிழித்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “ஒடம்புக்கு முடியலன்னா ஒங்கள யாரு டீச்சர் பாப்பான்னு ஒருநா கேட்டேன். சிரிச்சாவ.”

அந்தச் சிரிப்பை நீ நோட்டில் எழுதவில்லை.

துறைத் தலைவரிடம் போனிலேயே முடியாது என்று சொல்லிவிட்டேன். “ஒங்க அக்காவுக்கு இருந்த பக்குவம் ஒங்களுக்கு இல்ல” என்றார். அந்தப் பக்குவத்தால்தானே நீ செத்தாய் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வைத்துவிட்டார். உன் படத்தைத் துறைச் சுவரில் மாட்டப்போவதாகக் கூட்டத்தில் அறிவித்தார்கள். இன்றுவரை மாட்டவில்லை.

நீ பேசிய ஒவ்வொருவரையும் தேடிப்போய் வாசித்துக் காட்டுவேன். வேண்டாம் என்பவர்களுக்கு அவர்கள் பக்கத்தைத் திருப்பிக் கொடுப்பேன். மிச்சம் இருப்பது புத்தகமாக வரும். பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட முடியாது. வெறும் சாந்தி என்று போடுவேன்.

உன்னிடம் மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன். கேட்டால் உடனே மன்னித்துவிடுவாய். அது எனக்கு வேண்டாம்.

நீ கூப்பிட்ட ஒரு சனிக்கிழமையும் உன்னோடு வராத தங்கச்சி,
மல்லிகா