குடும்பப் படம்

கொட்டாஞ்சேனை
19.01.1997

என் அன்புள்ள அத்தானுக்கு,

நானும் வாணியும் சுகமாய் வந்து சேர்ந்தம். சுகம் எண்டு எழுதுறது பழக்கதோசம். பிள்ளையின்ர காலைப் பாத்த டொக்டர், இது ஒரு தடவையில முடியாது, மூண்டு தரம் வெட்டித் தைக்கவேணும், இடையில எலும்பு ஆறவேணும் எண்டிட்டார். நான் ஆமி முகாமில இரண்டு கிழமைக்கெண்டு பயணத் துண்டு வாங்கிக்கொண்டு வந்தனான். இது ஆவணிக்குத்தான் முடியும் போலக் கிடக்கு.

எங்கட அறை ஒரு தீப்பெட்டி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரன் பல்லுத் தீட்டுறது தெரியுது. "அப்பாவை ஏன் கூட்டிக்கொண்டு வரேல்லை?" எண்டு வாணி கேட்டாள். கூட்டில கிடக்கிற நண்டுக்கு ஆர் சாப்பாடு போடுறது எண்டன். "அப்ப நண்டையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்" எண்டாள். உங்கட மகள்தான், சந்தேகமில்லை.

கடிதத்தைத் தபாலில போடாதேங்கோ. முகாமில பிரிச்சு வாசிச்சிட்டுத்தான் விடுவினம். புருசன் பெண்சாதி கதை அவைக்கு என்னத்துக்கு? திங்கட்கிழமையில நண்டுப் பெட்டியோட லொறியில வாற ஸெய்னுதீன் நானாவிட்டக் குடுத்து விடுங்கோ.

உங்கள்
குணேஸ்வரி

லிங்கநகர்
09.02.1997

அன்பின் குணேஸ்,

மூண்டு தரமோ, முப்பது தரமோ, செய்யட்டும். காசுக்கு யோசியாதேயும், நண்டு இருக்கு. வள்ளத்தின்ர என்ஜினை முகாமில பறிகொடுத்த அண்டைக்கு நான் குசினிக்குள்ள இருந்து அழுதது உமக்குத் தெரியும். பிறகு வள்ளத்தைத் தண்டு வலிச்சுக் கண்டல்காட்டு ஓடைக்குப் போகத் தொடங்கினன். ஓடு கழற்றி, உள்ளுக்குச் சதையில்லாமல் தண்ணியாய்க் கிடக்கிற நண்டை ஆரும் வாங்காயினம். அதைக் கூட்டில போட்டுக் கழிவு மீன் குடுத்தால் மூண்டு நாலு கிழமையில கல்லு மாதிரி ஆகிடும். கரண்ட் இல்லாத ஊரில ஐஸ் இல்லை. ஐஸ் இல்லாமல், ஈரச் சாக்குக்குள்ள இருந்துகொண்டு, அத்தனை சோதனைச் சாவடியும் தாண்டி உயிரோட கொழும்புக்கு வாற சீவன் இது ஒண்டுதான்.

ஆனால் ஒரு இடைஞ்சல். முகாமுக்குப் புதுப் பெரியவர் வந்திருக்கிறார். வள்ளத்தோட தண்ணிக்குப் போறவை எல்லாரும் குடும்பப் படத்தோட திரும்பப் பதியவேணும். படத்தில இருக்கிற எல்லாரும் வீட்டில இருக்கவேணும். பெண்சாதி பிள்ளையின்ர வைத்தியத்துக்குக் கொழும்பில நிக்கிறா எண்டு சொன்னன். கேட்டார். "பெண்சாதி வரட்டும், பாஸ் தாறன். குடும்பத்தை வெளியால அனுப்பிப்போட்டுத் தனியத் தண்ணிக்குப் போறவன் திரும்பி வரமாட்டான்" எண்டார். பிழை சொல்ல ஏலாது, நான் அவராய் இருந்தாலும் அப்பிடித்தான் நினைப்பன். ஆனால் ஓடையில கூட்டுக்குள்ள நண்டு பசியோட கிடக்கு. பசிச்சால் ஒண்டையொண்டு தின்னும்.

என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை.

உமது
குலசிங்கம்

கொட்டாஞ்சேனை
16.02.1997

என் அன்புள்ள அத்தானுக்கு,

முதல் வெட்டு முடிஞ்சுது. இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. இந்த நிலையில பிள்ளையை விட்டிட்டு நான் எப்பிடி வாறது? நண்டு செத்தால் அடுத்த வெட்டு இல்லை. இரண்டு நாளாய்ச் சோறு இறங்கேல்லை.

யோசிச்சுப் பாத்தன். சிரியாதேங்கோ. புதுப் பெரியவர் என்னைக் கண்டவரோ? இல்லை. அவருக்குப் படத்தில ஒரு பொம்பிளையும் ஒரு பெட்டைப் பிள்ளையும்தானே வேணும்? அங்க எங்கட வீட்டுப் பின் அறையில தம்பலகாமத்தில இருந்து இடம்பெயர்ந்து வந்த புஸ்பராணியும் மகள் சுகந்தியும் இருக்கினம். பாவம், புருசனை இழந்த பிள்ளை. வாடகையில்லாமல் இருக்கிற இடத்துக்கு ஒரு உதவி செய்ய மாட்டாவோ? என்ர மாம்பழ நிறச் சீலை அலுமாரியில இரண்டாம் தட்டில இருக்கு, அதை உடுத்தச் சொல்லுங்கோ. நீங்கள் கனக்கப் பல்லைக் காட்டாமல் நில்லுங்கோ.

உங்கள்
குணேஸ்

லிங்கநகர்
09.03.1997

அன்பின் குணேஸ்,

உமது மூளைக்குக் கோயில் கட்டவேணும். படம் எடுத்தாச்சு, வைத்தியம் முடிஞ்சு வந்திட்டினம் எண்டு சொல்லித் தாயையும் மகளையும் அவையின்ர பேரிலயே பதிஞ்சாச்சு, பாஸும் கிடைச்சுது.

புஸ்பராணி முதலில ஏலாது எண்டிட்டா. புருசன் செத்த நாள் தொடக்கம் பொட்டு வைக்காத மனிசி. வாணியின்ர கால் எண்டு நான் சொன்ன பிறகு, போய் உமது சீலையை உடுத்திக்கொண்டு வந்தா. ஸ்ரூடியோவில கண்ணாடியைப் பாத்துப் பொட்டு வைச்சா. வீட்டுக்கு வந்த உடனை அழிக்கப் போனா. சென்றியில நிக்கிற ஆமிப் பெடியங்கள் நாளைக்கும் பாப்பாங்கள், இருக்கட்டும் எண்டு நான் சொன்னன். அழுதா. நான் நண்டுக்குத் தீன் போடப் போனன்.

சோதனைக்கு வந்தால் என்னை அப்பா எண்டு சொல்லச் சொல்லிச் சுகந்திக்குச் சொல்லிக் குடுத்திருக்கிறம். தாயும் மகளும் எங்கட அறையில படுக்கினம். நான் விறாந்தையில பாய் போட்டுப் படுக்கிறன். நுளம்பு பிடுங்கி எடுக்குது.

உமது
குலசிங்கம்

கொட்டாஞ்சேனை
27.04.1997

என் அன்புள்ள அத்தானுக்கு,

இரண்டாம் வெட்டும் முடிஞ்சுது. ஸெய்னுதீன் நானா கொண்டு வந்த காசு நேரத்துக்கு வந்தது, அந்த மனிசன் நல்லாயிருக்கவேணும். உங்கட கடிதம் முழுக்க நண்டு மணம். வாணி அதை முகத்தில வைச்சுக்கொண்டு, "அப்பா மணக்குது" எண்டாள்.

நுளம்புக்கு வேப்பிலைப் புகை போடுங்கோ. புஸ்பராணிக்கு என்ர அன்பைச் சொல்லுங்கோ. அந்தச் சீலையைத் தோய்ச்சு மடிச்சு அலுமாரியில வைச்சிட்டாவோ? சும்மா கேட்டனான்.

அந்தப் பிள்ளை அப்பா எண்டு கூப்பிடுறது சோதனைக்கு மட்டும்தானே?

உங்கள்
குணேஸ்

லிங்கநகர்
15.06.1997

அன்பின் குணேஸ்,

இந்த மாதம் நண்டுக்கு நல்ல காலம். கூட்டுக்குள்ள கமுகஞ் சிலாகையால தட்டி வைச்சு அறை அறையாய்ப் பிரிச்சிட்டன். முந்தி ஒரு நண்டு ஓடு கழற்றினால் மற்றதுகள் பாஞ்சு தின்னும். இப்ப அது தன்ர அறைக்குள்ள பயமில்லாமல் கிடந்து புது ஓடு போடுது. குறிஞ்சாக்கேணியில இருந்து ஸெய்னுதீன் நானாவின்ர ஆட்களும் வந்து பாத்திட்டுப் போய் இப்பிடியே செய்யினம். பெரிய என்ஜின் வேண்டாம், ஆழக்கடல் வேண்டாம், ஓடையும் கழிவு மீனும் போதும். முட்டை நண்டு வந்தால் திரும்ப விட்டிடுவன். அதைப் பிடிச்சு வித்தால் வாற வருசம் என்னத்தைப் பிடிக்கிறது?

விடியக் காலமை சோதனைக்கு வந்தவங்கள் நான் விறாந்தையில கிடக்கிறதைக் கண்டிட்டு, பெண்சாதியோட சண்டையோ எண்டு கேட்டுச் சிரிச்சாங்கள். அடுத்த தரம் வந்தும் முதல் விறாந்தையைத்தான் பாத்தாங்கள். இப்ப பாயை உள்ளுக்குப் போட்டிட்டன்.

சுகந்தி எல்லா இடத்திலயும் அப்பிடித்தான் கூப்பிடுறாள். பிள்ளைக்கு எங்க சொல்லலாம், எங்க சொல்லக்கூடாது எண்டு தெரியுமோ?

உமது
குலசிங்கம்

கொட்டாஞ்சேனை
10.08.1997

அத்தானுக்கு,

மூண்டாம் வெட்டும் முடிஞ்சு, கடைசி மாவுக்கட்டையும் வெட்டி எடுத்தாச்சு. வாணி நடக்கிறாள். தடியோட, கொஞ்சம் சரிஞ்சு, ஆனால் நடக்கிறாள். அதைக் கண்டு நான் ஆசுப்பத்திரி விறாந்தையில இருந்து ஒப்பாரி வைச்சன், நேர்ஸ் வந்து ஏசினா.

நாங்கள் வீட்டுக்கு வரப்போறம். உங்கட போன கடிதத்தை எத்தினை தரம் வாசிச்சன் எண்டு கேளாதேங்கோ. நண்டைப் பற்றி ஒரு பக்கம். பாயைப் பற்றி ஒரு வரி. நான் உங்களோட குடும்பம் நடத்தினவள். உங்களுக்கு எது பெரிசோ அதைத்தான் நீங்கள் சுருக்கி எழுதுவியள்.

அவவைப் பின் அறைக்கு அனுப்புங்கோ. புதுசாய்ப் படம் எடுப்பம். அது ஏலாதெண்டால் அந்தப் பாஸைத் தூக்கி எறிஞ்சிட்டு இஞ்ச வாங்கோ. கொட்டாஞ்சேனையில மூட்டை சுமந்தாவது சீவிப்பம். ஆனால் நேராய்ப் பதில் எழுதுங்கோ.

குணேஸ்வரி

லிங்கநகர்
31.08.1997

அன்பின் குணேஸ்,

நேராய் எழுதிறன்.

நீர் என்ர பெண்சாதி எண்டு சொல்லிக்கொண்டு வந்தால், நான் பதிஞ்சது பொய் எண்டு ஆகும். பொய்ப் பதிவு எண்டால் எங்க கொண்டு போவாங்கள், எப்ப விடுவாங்கள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. கையெழுத்து வைச்சது நானும் புஸ்பராணியும். முதல் அவவைத்தான் இழுப்பினம். நான் அங்க வாறதெண்டாலும் அதே கதைதான். நான் வெளிக்கிட்டால் அவ இஞ்ச பிணை நிக்கவேணும். நான் திரும்பி வராட்டில் அவவும் சுகந்தியும் பதில் சொல்லவேணும். உம்மட பிள்ளைக்காகக் கையெழுத்து வைச்ச மனிசியை விட்டிட்டு ஓட என்னால ஏலாது. ஓடினால் நீரே என்ர முகத்தில முழிக்கமாட்டீர்.

பாயைப் பற்றிக் கேட்டீர். உமக்குப் பொய் எழுதக்கூடாதெண்டுதான் நான் ஒண்டும் எழுதேல்லை.

ஒரு வழிதான் இருக்கு. எனக்குக் கொழும்பில ஒரு தங்கச்சி இருக்கிறா, பிள்ளையோட வருவா எண்டு முகாமில சொல்லிப் பாத்தன். உறவு காட்டுற கடிதம் தபாலில வந்தால் பதியலாம் எண்டாங்கள். இதை எழுத எனக்கு வெக்கமாய்க் கிடக்கு. வேற ஒண்டும் தோணேல்லை.

குலசிங்கம்

கொட்டாஞ்சேனை
14.09.1997

அத்தானுக்கு,

உங்கட கடிதத்தைக் கிழிச்சன். பிறகு ஒட்டினன்.

புஸ்பராணியில எனக்குக் கோவமில்லை. அவவைக் கண்ணாடிக்கு முன்னால கொண்டு போய் நிப்பாட்டினவள் நான். என்ர சீலையை நானே எடுத்துக் குடுத்தன். உங்களிலதான் கோவம். அதுவும் எவ்வளவு நாளைக்கெண்டு தெரியேல்லை, களைச்சுப் போனன்.

இந்த மாதத்தோட எங்கட பொலிஸ் பதிவு முடியுது. வைத்தியம் முடிஞ்ச ஆட்களுக்கு இனித் துண்டு இல்லையாம். இஞ்ச இருக்கவும் ஏலாது, அங்க வரவும் ஏலாது. வேற எங்க போறது? கடலுக்குள்ளயோ?

வாணியிட்டச் சொன்னன். அப்பாவை மாமா எண்டு கூப்பிட மாட்டன் எண்டு சுவரைப் பாத்துப் படுத்திட்டாள். சாப்பிடேல்லை.

அடுத்த கடிதம் தபாலில வரும். அது பிரிச்சு வாசிக்கிறவைக்காக எழுதிறது. நீங்களும் வாசியுங்கோ.

இது நான் என்ர பேரில உங்களுக்கு எழுதுற கடைசிக் கடிதம்.

உங்கள்
குணேஸ்

(தபாலில்)

கொட்டாஞ்சேனை
22.09.1997

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

நீங்களும் சுகந்தியும் நலமாயிருக்க எல்லாம் வல்ல பத்திரகாளி அம்மன் துணை. உங்கள் மருமகள் வாணிக்குக் கால் நல்ல சுகம். நாங்கள் வருகிற வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறோம். பதிவுக்கு வேண்டிய பத்திரங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

வாணியின் அப்பா எங்களோடு வரவில்லை. அவருக்குத் தொழிலையும், தன்னை நம்பி இருக்கிறவர்களையும் விட்டுவிட்டு வர ஏலாதாம். அது நியாயம்தான். இத்தனை மாதம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் அண்ணா, இனி அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதாய் இல்லை. உங்களுக்குப் பாரமாய் இருக்கமாட்டேன். நண்டுக்குத் தீன் போட எனக்கும் தெரியும்.

மச்சாள், உங்கள் குடும்பப் படத்தை அண்ணா அனுப்பியிருந்தார். மாம்பழ நிறம் உங்களுக்கு எடுப்பாய் இருக்கிறது. அந்தச் சீலையை நீங்களே வைத்திருங்கள். பொட்டையும் அழிக்காதேங்கோ.

எங்களுக்கென்று அறை ஒன்றும் ஒதுக்க வேண்டாம். பிள்ளையும் நானும் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வோம். வேப்பிலைப் புகை போட்டால் நுளம்பு வராது.

அன்புத் தங்கை
குணேஸ்வரி

மாமா, நான் இப்ப தடி இல்லாமல் நடக்கிறன். வந்து உங்களுக்கு நடந்து காட்டுறன்.
வாணி