இருபது கோப்பைகள்

விருத்தாசலம்
3 பிப்ரவரி 2025

மருமகள் பிரின்சி அறிய,

சர்ச் பேண்டின் தலைமை டிரம்பெட், பீங்கான் தொழிற்பேட்டையில் முப்பத்தோரு வருடம் கோடானுகோடிக் கோப்பைகளைத் தட்டி ‘முழுசு’, ‘கீறல்’ என்று தீர்ப்பு சொன்ன ஒற்றைக் காதுச் சக்கரவர்த்தி, தன் திருக்கரத்தால் எழுதி, போட்டோ பிடித்து, உன் வாட்ஸப்புக்கு அனுப்பும் ஆணை இது.

வரும் ஒன்பதாம் தேதி சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறேன். ஜாஸ் கப்பல். ஐந்து நாள், மூன்று மேடை, பல் தேய்க்கும்போதுகூட டிரம்பெட். அதிலுள்ள நீச்சல் குளத்தை நம் மணிமுத்தாறு நூறு வருடம் ஓடினாலும் நிரப்பாது. பதின்மூன்றாம் தேதி மாலை, கடைசிக் கச்சேரி, எண்பது வயதுக் கிழவர் ஒருவர் ஊதுகிறார். கேசட் காலத்திலிருந்து நான் அவருக்கு அடிமை. அடுத்து என்ன ஊதப்போகிறார் என்று அவருக்கே தெரியாது. அதுதான் ஜாஸ்.

ஆகவே பன்னிரண்டாம் தேதி ஆபரேஷனைத் தள்ளிவை. போன் செய்யாதே. போன் குடிமக்களுக்கு, சக்கரவர்த்திகள் ஓலைதான் விடுவார்கள்.

ஏழு கடலும் எதிர்பார்த்திருக்கும்
அருளானந்த மகாராஜா


சென்னை
4 பிப்ரவரி

மாமாவுக்கு,

எட்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. நீங்கள் இப்படிச் சிரிக்கச் சிரிக்க எழுதினால்தான் எனக்குப் பயம் வருகிறது.

வலது காது சின்ன வயதிலேயே பொன்னுக்கு வீங்கியில் போனது. இப்போது இடது காதுக்குப் பின்னால் கட்டி. எடுத்தால் அந்தக் காதும் கேட்காது. எடுக்காவிட்டால் முகம் கோணும், அப்புறம் உயிருக்கே ஆபத்து. டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்துத்தானே சொன்னார்? நான் இங்கே நர்ஸ் என்பதால்தான் இந்தத் தேதியாவது கிடைத்தது. விட்டால் மார்ச் பத்து.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. “அண்ணன் போனே எடுக்க மாட்டேங்குது. வூட்டுக்குப் போனா டிரம்பெட்ட தொடைச்சிக்கிட்டு ஒக்காந்திருக்குது. என்னாடி விஷயம்?” என்று நேற்றும் கேட்டது. நீங்கள் கப்பல் ஏறினால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அதோடு எனக்கு மாமன் என்று யாரும் இல்லை.

பிரின்சி


நடுக்கடல்
10 பிப்ரவரி

மாமன் இல்லாத மருமகளுக்கு, இல்லாத மாமன் எழுதுவது:

ஏறிவிட்டேன். திமிங்கிலங்கள் வரிசையில் நின்று வணக்கம் வைத்தன.

இசை பிரமாதம்தான். ஆனால் கேட்க வந்தது கிழவர்கள் கூட்டம் என்று சத்தத்தைக் குறைத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள் போல. கம்பளிக்குள்ளிருந்து ஊதுகிற மாதிரி இருக்கிறது. ஸ்பீக்கரின் மடியிலேயே உட்கார்ந்தும் அப்படித்தான்.

இன்னொரு அக்கிரமம் கேள். காலையில் டீக் கோப்பையைப் பழக்க தோஷத்தில் ஸ்பூனால் தட்டினேன். ‘ணங்’ என்று வரவேண்டியது ‘டொக்’ என்றது. கீறல். மாற்றச் சொன்னேன். அதுவும் டொக். இருபது கோப்பை தட்டினேன், இருபதும் கீறல். பரிமாறுகிற அம்மாள் ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். ஒரு சொட்டு கசியவில்லை. கண்ணுக்குத் தெரியாத கீறல் என்று தீர்ப்பெழுதி, கப்பல் கேப்டனுக்குப் புகார் கொடுத்திருக்கிறேன்.

பீங்கான் நீதிபதி,
அருளானந்தம்


சென்னை
11 பிப்ரவரி, காலை

மாமா,

கோப்பையில் கீறல் இல்லை.

நீங்கள் போனை எடுக்காதது ராஜ கம்பீரமும் இல்லை. என் குரல் கேட்கவில்லை. எப்போதிலிருந்து?

டாக்டரிடம் கோப்பைக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “வேகமா வளருது. மார்ச் வரைக்கும் தாங்காது, நாளை மறுநாளே எடுத்துடணும்” என்றார். பதின்மூன்று காலை தியேட்டர் ஒதுக்கியிருக்கிறார். நாளைக் காலை உங்கள் கப்பல் கொழும்பில் நிற்கும். மதிய விமானத்தில் டிக்கெட் போட்டிருக்கிறேன். கிழவர் ஊதுவது அதே பதின்மூன்று மாலை என்று எனக்கும் தெரியும்.

கோபத்தில் எழுதியதை மறந்துவிடுங்கள். இறங்கி வாங்க மாமா.

பிரின்சி


கொழும்பு விமான நிலையம்
12 பிப்ரவரி

பிரின்சி,

இறங்கிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் பூசையில் நான் ஊதியது எனக்கே பாதிதான் கேட்டது. அன்றிலிருந்துதான். மீதி இருக்கிற பாதியைக் கோயில் மணிக்கும் பஸ் ஹாரனுக்கும் செலவழிக்க மனசில்லை. கிழவருக்கென்று வைத்திருந்தேன்.

மூன்றாவது கோப்பையிலேயே தெரிந்துவிட்டது. மற்ற பதினேழையும் பயத்தில் தட்டினேன்.

இன்று காலைச் சாப்பாட்டில் அந்தக் கிழவரைப் பார்த்தேன். இட்லிக்கு ஜாம் தொட்டுக்கொண்டிருந்தார். இவருக்காகவா உயிரை விடுவது என்று பெட்டியைத் தூக்கிவிட்டேன். அப்படித்தான் வெளியே சொல்லிக்கொள். உண்மையில் கப்பலிலிருந்து இறங்கும் நடைபலகையில் கால் வைக்க அரை மணி ஆனது.

ஒரு கோப்பையைத் திருடிக்கொண்டு வருகிறேன். ஆபரேஷன் முடிந்ததும் நீ தட்டிப் பார்த்து எழுதிக் காட்டு. என் மனசுக்காகப் பொய் எழுதாதே. அது தொழில் துரோகம்.

உன் மாமன்


ஆஸ்பத்திரி
14 பிப்ரவரி

மாமா,

கண் விழித்ததும் உங்களிடம் கொடுக்க எழுதுகிறேன். கட்டி முழுதாக வந்துவிட்டது. மயக்கத்திலும் உதட்டைக் குவித்தீர்கள், கோணவில்லை. டிரம்பெட் ஊதலாம் என்கிறார் டாக்டர். காது போய்விட்டது. அம்மா வெளியே ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்கிறது, உங்களைத் திட்டுவதற்கு ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறது.

கோப்பையைத் தட்டினேன். ணங் என்றது. சத்தம் அடங்கும்வரை காதில் வைத்திருந்தேன்.

முழுசு.

பிரின்சி


அதே தாள், பின்பக்கம்

ஒன்றை வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. மீதிப் பத்தொன்பதும் கப்பலில் இருக்கின்றன. அடுத்த வருடம் நீ வந்து தட்டு. கிழவர் எப்படி ஊதினார் என்றும் நீதான் எழுதிக் காட்டணும்.

மாமன்