வெளுப்பு மண்

9-2-1981, திங்கள்

சீனப் பெருநாள் விடுமுறை முடிந்து இன்று ஆலை திறந்தது. ஈப்போவிலிருந்து பார்வையாளர்கள் பத்துப் பேர். எஞ்சினியர் கார்த்திகேசு அவர்களை பில்டர் அறையில் நிற்கவைத்து, செம்பனை எண்ணெய் எப்படி நிறம் வெளுக்கிறது என்று நாற்பது நிமிடம் விளக்கினார். 'அட்சார்ப்ஷன்' என்ற சொல்லைப் பதினேழு முறை சொன்னார். ஆய்வுக்கூடத்து வாசலில் நின்று நான் எண்ணினேன். வேறு வேலை இல்லை.

அவர்கள் போன பிறகு எண்ணெய் வடிக்கும் பில்டர் பிரஸ்ஸைப் பார்க்கும் ராமையா அண்ணன் அதையே இரண்டு வரியில் முடித்தார். "வெள்ளச் சட்டையில மீன்கறி ஊத்துன மாதிரிதாம்மா. கற சட்டைக்குப் போயிரும், கறி தெளிஞ்சிரும்."

உண்மையில் அவ்வளவுதான். சிவப்பாக வரும் எண்ணெயில் வெளுப்பு மண்ணைக் கொட்டிச் சூடாக்கிக் கலக்குகிறோம். நிறமும் அழுக்கும் மண்துகளின் மேல்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு துணியில் அழுத்தி வடித்தால் மஞ்சள் எண்ணெய் ஒரு பக்கம், கறுத்த மண் ஒரு பக்கம். அந்த மஞ்சள் எவ்வளவு மஞ்சள் என்று நிறக் கண்ணாடித் துண்டுகளை வைத்துப் பார்த்து எழுதுவதுதான் ஆறு வருடமாக என் பிழைப்பு. இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்?

12-2-1981, வியாழன்

எண்ணெய் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மண் எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. ஆலைக்குப் பின்னால் இருந்த குழி நிரம்பிவிட்டது.

கார்த்திகேசுவுக்கு யோசனை வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் சதுப்பு நிலம். மழை பெய்தால் கோழிக்கூடுகள் மிதக்கும். அந்த நிலத்தை நம் மண்ணால் நிரப்பிக் கொடுத்தால் நமக்குக் குப்பை தீரும், அவர்களுக்குத் தரை கிடைக்கும், ஆலைக்கு நல்ல பெயர். "சோஷல் சர்வீஸ்" என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

ஆய்வுத்தாள் ஒன்று வேண்டுமாம். மண்ணைச் சோதித்தேன். நூறில் இருபத்துநான்கு பங்கு இன்னும் எண்ணெய். தாளில் எண்ணெய்க் கட்டத்தை நிரப்புமுன் அவரிடம் கொண்டுபோனேன்.

"டோரிஸ், இந்தக் கட்டத்தக் காலியா விட்டுடுங்க. தோட்டத்து ஆளுங்களுக்கு இதெல்லாம் என்ன புரியும்?"

காலியாக விட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன். புதுப் பேனா. நன்றாக எழுதியது.

21-2-1981, சனி

மண் வழங்கும் விழா! ரிப்பன் கட்டி வெட்டினார்கள். லோரிக்கு மாலை. மாலை போட்ட லோரி பின்பக்கமாக நகர்ந்து, மாண்புமிகு மண்ணைச் சதுப்பில் கொட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். கார்த்திகேசு ஆங்கிலத்தில் பேசினார். லயத்துச் சனம் மரியாதையாகக் கேட்டது. முடிந்ததும் ஆளுக்கொரு கறிபாப், ஆரஞ்சுத் தண்ணி.

வீரம்மா அக்கா மட்டும் மண்ணை அள்ளி மூக்கில் வைத்துப் பார்த்தார். சதுப்பு ஓரத்தில் அவருடைய ஆட்டுக்கொட்டகை. புருஷன் இல்லை. ஆறு ஆடுகள்தான் அவருக்கு எல்லாம்.

"என்னம்மா இது, பலகாரம் சுட்ட சட்டி மாதிரி நாறுது? இதுல வீடு கட்டலாமா, வட சுடலாமா?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். நன்றாகவே சிரித்தேன்.

2-3-1981

இன்று பன்னிரண்டு லோரி. மழை இல்லை. மூன்று வாரமாக இல்லை.

10-3-1981, செவ்வாய்

வீரம்மா அக்கா ஆலை வாசலுக்கு வந்து நின்றார். காவலுக்கு நிற்கும் ஜாகா உள்ளே விடவில்லை. நான் போனேன். மண் கொட்டிய மேட்டில் வெறுங்காலில் நடக்க முடியவில்லை, காலையிலேயே சுடுகிறது என்றார்.

கார்த்திகேசுவிடம் சொன்னேன்.

"வெயிலுதான்லா, டோரிஸ்."

"காலை ஏழு மணிக்கு சார்."

"மண்ணு எரியுமா டோரிஸ்? எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?"

சித்தியவான் கான்வென்ட் என்று சொன்னேன். அவர் பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

மத்தியானம் அவர் சாப்பிடப் போனபோது அவருடைய அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தேன். லண்டனிலிருந்து வந்தது. பாதிப் பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. வெட்டிப் பிரித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. எல்லாம் இருந்தது. ஒரு பிடி மண்ணின் துகள்களை விரித்தால் ஒரு பந்துத் திடலே நிரம்பும். எண்ணெயின் கறையைப் பிடிப்பது அந்தப் பரப்புதான். அதே பரப்பில் மிச்ச எண்ணெய் மெல்லிய தோலாகப் படிந்து நிற்கும். காற்றுப் பட்டால் சூடாகும். குவியலின் நடுவில் அந்தச் சூட்டுக்கு வெளியேற வழியில்லை. ஏறிக்கொண்டே போகும்.

மண் எரியாது. மண்ணில் நாம் விட்ட எண்ணெய் எரியும்.

ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதி அவர் மேசையில் வைத்தேன். அதன்மேல் காப்பிக் கோப்பை வைத்திருக்கிறார்.

15-3-1981, ஞாயிறு

எரிந்துவிட்டது.

மத்தியானம் மூன்று மணி. சர்ச்சில் பூசை முடிந்து வீட்டில் இருந்தேன். புகை டவுன் வரைக்கும் தெரிந்தது. சைக்கிளில் போனேன். மேடு முழுக்கப் புகை. மேலே தீ இல்லை, உள்ளே இருக்கிறது. தண்ணீர் ஊற்றினால் சீறுகிறது, கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு இடத்தில் வாய் திறக்கிறது. கொட்டகை பற்றிக்கொண்டது. ஆடுகளை அவிழ்க்க வீரம்மா அக்கா ஓடியிருக்கிறார். மேற்பரப்பு உடைந்து இடது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. ராமையா அண்ணன்தான் இழுத்து எடுத்தார். அவருக்கும் கை வெந்துவிட்டது.

ஆறு ஆடும் போச்சு. அக்கா சித்தியவான் ஆஸ்பத்திரியில்.

இன்றைக்கு எதையும் கேலி செய்ய வரவில்லை.

17-3-1981, செவ்வாய்

ஆலையின் அறிக்கை தயார். இரண்டே நாளில்! குழி நிரம்பியதைக் கவனிக்க இவர்களுக்கு ஒரு வருடம் ஆனது.

காரணம்: தொழிலாளி ராமையா புகைத்துவிட்டு வீசிய சுருட்டு. நடவடிக்கை: விசாரணை முடியும்வரை வேலை நீக்கம். ஈப்போவிலிருந்து தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தால் இதைக் கொடுப்பார்களாம்.

சாயங்காலம் லயத்துக்குப் போனேன். ராமையா அண்ணன் கையில் கட்டோடு படியில் உட்கார்ந்திருந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன்.

"நாந்தாம்மா," என்றார். "அன்னிக்கு அங்க நின்னு ஒரு சுருட்டு இழுத்தேன். அணச்சேன்னுதான் நெனப்பு. அணச்சேனா? தெரியல. வீரம்மா கால நானே கொளுத்திட்டேன்."

இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார். அறிக்கையில் கைநாட்டு வைக்கவும் தயாராக இருக்கிறார். கார்த்திகேசுவுக்கு என்ன வசதி! குற்றவாளி தானே நடந்து வருகிறார்.

19-3-1981, வியாழன்

அறிக்கையோடு இணைத்திருப்பது எது தெரியுமா? என் தாள். பிப்ரவரி பன்னிரண்டு. அந்தக் காலிக் கட்டம். கீழே அழகான கையெழுத்து. ஆய்வுக்கூடம் பார்த்து அனுப்பிய மண், குறை எதுவும் இல்லை - அதற்கு அத்தாட்சி நான்.

ஒரு மாதமாக இந்த நோட்டில் எல்லாரையும் கிண்டலடிச்சு எழுதிட்டு இருந்தியே டோரிஸ், உன்னப் பத்தி எங்கடி எழுதின? அவரு காலியா விடச் சொன்னாரு. விட்டது யாரு? கை யாரோடது?

வாய் திறந்தால் என் வேலையும் போகும். போகட்டும் என்று எழுத எளிதாக இருக்கிறது. வீட்டில் அம்மா இருக்கிறார், வாடகை வீடு. திறக்காவிட்டால் அந்த மனுஷன் படியிலேயே உட்கார்ந்து செத்துப்போவார்.

22-3-1981, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

நேற்றுச் சனி, அரை நாள் வேலை. பிரஸ்ஸிலிருந்து புதிதாக விழுந்த மண்ணில் எட்டுச் சாக்கு நிரப்பி "சாம்பிள்" என்று சீட்டு ஒட்டினேன். இந்த ஆலையில் இவ்வளவு பெரிய சாம்பிளை யாரும் எடுத்ததில்லை. லோரி ஓட்டும் சீனி ஒரு கேள்வியும் கேட்காமல் லயத்துத் திடலில் இறக்கினான். பழைய எண்ணெய் டிரம் ஒன்றில் ஓட்டை போட்டு மண்ணை நிரப்பினோம். சுற்றிலும் மணல், நான்கு வாளித் தண்ணீர். வெப்பமானியைக் கட்டையில் கட்டி உள்ளே இறக்கினேன். ராமையா அண்ணன் எதற்கு என்று கேட்கவில்லை. சொன்னதைச் செய்தார். அவர் சுருட்டையும் தீப்பெட்டியையும் அவர் மனைவி மடியில் முடிந்துகொண்டார்.

சனி மதியம் ஒரு மணி: 52 டிகிரி.
மாலை ஆறு: 58.

ஞாயிறு காலை பூசைக்குப் போய்விட்டு வந்தேன். என்ன செபித்தேன் என்றால் - எரியவேண்டும் என்று. சாமியாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ.

காலை ஒன்பது: 74.
பன்னிரண்டு: 96.
இரண்டு: 121.

லயமே கூடிவிட்டது. மூன்று நாற்பதுக்கு டிரம்மின் ஓரத்தில் ஒரு நூல் புகை. பிறகு இன்னொன்று. மண்ணைக் கம்பியால் கிளறினேன். உள்ளே சிவப்பாக இருந்தது.

ராமையா அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரும் குச்சி கிழிக்கலையே?"

"இல்லண்ணே."

"சுருட்டு?"

"அண்ணி மடியில இருக்கு."

"அப்ப நா இல்லையா?"

"நீங்க இல்லண்ணே."

"நா இல்லையா?" என்று இன்னொரு முறை கேட்டார். பிறகு மனைவியைப் பார்த்து, "சோறு இருக்கா?" என்றார்.

24-3-1981, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இன்ஸ்பெக்டருக்கு முன்னால் வீரம்மா அக்காவிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. கட்டத்தைக் காலியாக விட்டதைச் சொன்னேன்.

"தெரிஞ்சேவா கையெழுத்துப் போட்ட?"

"இவ்வளவு ஆகும்னு தெரியாது. எண்ணெ இருக்குன்னு தெரியும்."

முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என் ஆட்டுக்கெல்லாம் பேரு வச்சிருந்தேன். உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். ஆறு பெயரையும் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றேன். மன்னிச்சேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, காலுக்கு அடியில் தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போகச் சொன்னார்.

25-3-1981, புதன்

இன்ஸ்பெக்டர் வந்தார். மெலிந்த மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். கார்த்திகேசு அட்சார்ப்ஷனில் ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் என் தாளை எடுத்துக் காலிக் கட்டத்தின்மேல் விரல் வைத்து, "சியாப்பா?" என்றார். யார்?

"சாயா," என்றேன். நான்தான்.

பிறகு இருபத்துநான்கைச் சொன்னேன். டிரம்மின் கணக்கைக் கொடுத்தேன். காப்பி வட்டம் விழுந்த குறிப்பையும் கொடுத்தேன். மேசையில் அப்படியேதான் கிடந்தது. அவர் வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கார்த்திகேசு சன்னலைப் பார்த்தார்.

8-4-1981

ராமையா அண்ணன் மறுபடி வேலையில். மேட்டை முழுவதும் அள்ளி எடுக்க உத்தரவு. எனக்கு எச்சரிக்கைக் கடிதம், கவனக்குறைவு என்று. கார்த்திகேசுவுக்குக் கடிதம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. பெரிய படிப்புக்கு அந்த வசதி உண்டு.

23-5-1981, சனி

ஆடு வழங்கும் விழா. கேலி இல்லை, நிஜமாகவே. ஆலையின் அன்பளிப்பாக ஆறு ஆடுகள், புதுக் கொட்டகை, ரிப்பன். வீரம்மா அக்கா கோல் ஊன்றி வந்தார். படம் பிடிக்க கார்த்திகேசு ஒரு ஆட்டைத் தூக்கினார். அது அவருடைய பளபளக்கும் சப்பாத்தின்மேல் தன் கருத்தைத் தெரிவித்தது.

"சின்னது சார், தெரியாம செஞ்சிருச்சு," என்றார் வீரம்மா அக்கா. முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

14-8-1981, வெள்ளி

ஈப்போவில் கருத்தரங்கு. எஞ்சினியர்கள் நூறு பேர். கார்த்திகேசு கட்டுரை படித்தார்: "பயன்படுத்திய வெளுப்பு மண் தானாகச் சூடேறுதல்." திரையில் ஒரு வரைபடம். 52, 58, 74, 96, 121. என் டிரம்! "நம் ஆலை மேற்கொண்ட ஆராய்ச்சி" என்றார். மண் எரியுமா என்று கேட்ட அதே வாய். பெட்டி தூக்க என்னைக் கூட்டிப்போயிருந்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகத்தான் பேசினார், அதையும் சொல்லவேண்டும்.

கேள்வி நேரத்தில் வயதான சீனர் ஒருவர் எழுந்து, வெப்பமானி எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று கேட்டார். கார்த்திகேசு தாளைப் புரட்டினார். தாளில் இல்லை. அரங்கத்தைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

கொஞ்சம் காக்கவைத்துத்தான் எழுந்தேன்.

"பதினெட்டு அங்குலம். எங்கள் பில்டர் பிரஸ் தொழிலாளி ராமையா முழம் போட்டு அளந்தார். அவருடைய லயத்து வாசலில்தான் செய்தோம்."

அதன் பிறகு எல்லாக் கேள்வியும் எனக்கு வந்தது. அரை மணி நேரம். எத்தனை ஓட்டை, எவ்வளவு ஈரம், புகை எப்போது. மேடைக்கு வரச் சொன்னார்கள். நான் சொல்லச் சொல்ல, கார்த்திகேசு படத்தாள்களை மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு முறை தலைகீழாக வைத்துவிட்டு, சாரி என்றார்.

வேனில் திரும்பினோம். சித்தியவான் தாண்டித்தான் கார்த்திகேசு வாயைத் திறந்தார்.

"அடுத்த தடவ நீங்களே பேசிடுங்கலா, டோரிஸ்."

"அடுத்து எது எரியப் போகுது சார்?"

டிரைவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். கார்த்திகேசு சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கட்டுரை அச்சாகப் போகிறது, உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்கிறேன் என்றார். ராமையா பெயரையும் என்றேன். யோசித்தார். சரி என்று பேனாவை எடுத்தார். பிறகு, ராமையாவுக்கு ஆங்கிலத்தில் என்ன எழுத்து என்று கேட்டார்.

ஒன்பது வருடமாக அவரிடம் வேலை செய்யும் மனிதர். பழியை எழுதியபோது யாரிடமும் எழுத்துக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.